பதினைந்து நாள் முறை

என் அக்காவின் தோட்டத்துக்கு இரவில்தான் தண்ணீர் பாய்ந்தது. எப்போதாவது ஒரு தடவை என்றால் அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. எண்பதுகளின் நடுவில், அவள் கணவர் மஞ்சள் காமாலையில் இறந்த பிறகு, அவள் தனியாகப் பண்ணையம் பார்த்த காலம் முழுவதும் அப்படித்தான் நடந்தது.

ஊர் எருமப்பட்டிக்குக் கிழக்கே, கொல்லிமலை பக்கத்தில் தெரியும் இடத்தில் இருந்தது. கிணறு அக்காவின் மாமனார் வெட்டியது. அவருக்குப் பின் நான்கு மகன்களுக்கும் பொது. பொதுக் கிணற்றில் யார் எந்த நாளில் மோட்டார் போடுவது என்பதற்கு ஒரு வரிசை உண்டு. அதற்குத்தான் முறை என்று பெயர். மூத்தவர் வீட்டுக்குச் சில நாள், அடுத்தவருக்குச் சில நாள், மூன்றாமவருக்குச் சில நாள், கடைசியில் அக்காவுக்கு இரண்டு நாள். பாகப் பிரிவினையில் கடைசி மகனுக்கு மானாவாரிக் காடு அதிகமாகவும் தோட்டம் குறைவாகவும் விழுந்திருந்ததால் அவ்வளவுதான். பிறகு மறுபடியும் மூத்தவர். பதினைந்து நாள் முறை என்று ஊரில் எல்லோரும் அதைச் சொன்னார்கள்.

மின்சாரமும் சுற்றி வந்தது. மோட்டார் ஓடுவதற்கான மும்முனை மின்சாரம் ஒரு வாரம் பகலில் வரும், அடுத்த வாரம் இரவில் வரும். திங்கட்கிழமை மாறும். பகல் கரண்டு, ராத்திரி கரண்டு என்பார்கள். மற்ற நேரத்தில் வீட்டில் விளக்கு எரியும், மோட்டார் ஓடாது.

இரவில் தண்ணீர் கட்டுவது ஒருவரால் ஆகிற காரியம் இல்லை. ஒருவர் மோட்டார் பக்கம் இருக்க வேண்டும். கரண்டு போய்ப் போய் வரும். இன்னொருவர் மண்வெட்டியோடு பாத்தி பாத்தியாக மடை மாற்ற வேண்டும். இருட்டில் மடை உடைந்தால் தெரியாது. விடிந்து பார்த்தால் தண்ணீர் முழுவதும் பக்கத்துத் தோட்டத்தில் நிற்கும். மற்ற மூன்று வீடுகளிலும் ஆண்கள் இருந்தார்கள். அக்காவுக்கு இருந்தது ஒரு மகள், அவளும் சேலத்தில் கல்லூரி விடுதியில்.

அக்கா ஓர் ஆளைப் பேசியிருந்தாள். பக்கத்துக் கோழிப்பண்ணையில் இரவுக் காவல் பார்ப்பவர், ஐம்பது வயதுக்காரர். ஐந்து இரவு காவல், ஆறாவது இரவு ஓய்வு. அந்த ஓய்வு இரவு அக்காவின் முறையோடு பொருந்தினால் வருவார். பொருந்தாதபோது அக்கா தனியாக லாந்தரோடு போனாள். அவர் வந்தாலும் பேச்சு வந்தது, வராவிட்டாலும் வந்தது. நான்கு மகன்களில் இரண்டாமவரின் மனைவி ரேஷன் கடை வரிசையில் நின்றுகொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி, "எங்கூட்டுல எல்லாம் பகல்லதான் தண்ணி கட்டறோம். சில பேருக்கு ராத்திரியில ஆளோட கட்டுனாத்தான் பயிரு பச்சையாகுது போல" என்றாளாம். அக்காவுக்குப் பின்னால் நின்ற இருவர் சிரித்திருக்கிறார்கள். இதை அக்கா என்னிடம் சொல்லவில்லை. வேறொருவர் சொல்லித் தெரியும்.

அக்கா என்னிடம் சொன்னது வேறு. பகலில் முறை வந்தால் தோட்டத்தைத் தானே பார்த்துக்கொள்வேன், வராவிட்டால் விட்டுவிட வேண்டியதுதான் என்றாள். அவள் கையில் இருந்த சொத்து அது ஒன்றே. காட்டில் மழை பெய்தால் சோளம், பெய்யாவிட்டால் அதுவும் இல்லை. மூத்தவர் தோட்டத்தைக் குத்தகைக்குக் கேட்டுக்கொண்டிருந்தார். கெட்ட மனதோடு கேட்டார் என்று சொல்ல முடியாது. தம்பி போன பிறகு தம்பி மனைவி இருட்டில் அலைவது அவருக்கும் ஊரில் தலைகுனிவுதான்.

ஐப்பசியில் அக்கா ஒரு கோரிக்கை வைத்தாள். வரிசையில் தன் இரண்டு நாளை முன்னே கொண்டுபோய், இரண்டாமவரின் நாட்களுக்கு நடுவே வைக்க வேண்டும் என்பது அது. அதைப் பேச நானும் போனேன். மூத்தவர் வீட்டு வாசலில் கட்டில் போட்டு உட்கார வைத்தார்கள். மோர் வந்தது. மூத்தவர் பொறுமையாகவே பேசினார்.

"மாப்ளே, இது எங்கப்பன் போட்ட வரிசைங்க. ஒருத்தருக்காக மாத்துனா நாளைக்கு இன்னொருத்தன் கேப்பான். பகலும் ராத்திரியும் மாறி மாறி வரத்தானுங்க செய்யும். எல்லாருக்கும் ஒரு காலம் ராத்திரி, ஒரு காலம் பகல்."

இரண்டாமவர் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். அக்கா கதவோரம் நின்றபடி, தனக்கு மட்டும் மாறவில்லையே என்றாள். கரண்டுக்காரன் அடிக்கடி நேரத்தை மாற்றுகிறான், அதனால் அப்படித் தோன்றுகிறது என்று மூன்றாமவர் சொன்னார். அதுவும் பொய்யில்லை. லைன் பழுது, மின்வெட்டு என்று நடுநடுவே குழப்பங்கள் உண்டு. ஒரு வருஷத்தை யாராலும் உறுதியாக நினைவிலிருந்து சொல்ல முடியவில்லை. இனி ஊர்ப் பெரியவர்களைக் கூட்டிக் கேட்கப்போகிறேன் என்று அக்கா திரும்பும் வழியில் என்னிடம் சொன்னாள். பேருந்து வரும்வரை அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

அக்காவின் மகள் கணிதம் படித்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் சேலத்தில் எங்கள் வீட்டுக்கு வருவாள். அந்த வருஷம் நகரத்தில் ஒரு மாடியில் கம்ப்யூட்டர் சென்டர் திறந்திருந்தார்கள். மாலை வகுப்பில் சேர்ந்திருந்தாள். செருப்பைப் படிக்கட்டிலேயே விட வேண்டும். உள்ளே குளிர், கறுப்புத் திரையில் பச்சை எழுத்துகள். பேசிக் என்ற மொழியில் வரிக்கு வரி எண் போட்டு நிரல் எழுதச் சொல்லிக்கொடுத்தார்கள். மாணவர்கள் தனி வட்டியும் பகா எண்களும் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்த இடத்தில், இவள் தன் அம்மாவின் கிணற்றை எடுத்துப்போனாள்.

அவள் யோசித்தது சரியான திசையில். கிணறு இத்தனை நாளுக்கு ஒரு தடவை சுற்றுகிறது, கரண்டு இத்தனை நாளுக்கு ஒரு தடவை, காவல்காரரின் ஓய்வு இத்தனை நாளுக்கு ஒரு தடவை. மூன்றும் புறப்பட்ட இடத்துக்கே ஒன்றாகத் திரும்பிவர எத்தனை நாள் ஆகும்? பள்ளியில் மீச்சிறு பொது மடங்கு என்று படித்தது அதுதான். அந்த நாள்வரை ஒவ்வொரு முறையும் பகலா இரவா என்று எழுதிவிட்டால், அதற்குப் பிறகு வருவதெல்லாம் அதே வரிசையின் மறுபதிப்பு. அம்மாவிடம் கேட்டாள். கிணறு பதினைந்து என்றாள் அம்மா. கரண்டு ஏழும் ஏழும் பதினான்கு. காவல்காரர் ஆறு.

முதலில் எழுதிய நிரல் மூன்று எண்களையும் பெருக்கி, மூன்றுக்கும் பொதுவான மிகப் பெரிய வகுத்தியால் வகுத்தது. இரண்டு எண்களுக்கு அப்படிச் செய்வது சரி. மூன்றையும் ஒரு சேர வகுக்கும் எண் 1 மட்டும்தான் என்பதால், பெருக்கிய தொகை அப்படியே திரையில் நின்றது: 1260. அவள் அன்று எங்கள் வீட்டுக்கு வந்தபோது முகம் சரியில்லை. "மூணரை வருஷம் மாமா. அதுவரைக்கும் அம்மா தாங்குமா?" என்றாள்.

அடுத்த வாரம் சென்டரில் சொல்லிக்கொடுத்த இளைஞர் தவறைக் காட்டினாராம். பதினான்குக்கும் ஆறுக்கும் இரண்டு பொது. பதினைந்துக்கும் ஆறுக்கும் மூன்று பொது. மூன்றுக்கும் சேர்த்துப் பொதுவைத் தேடினால் இந்த இரண்டு பொதுவும் கண்ணில் படாது. அதனால் எண்களை ஒரு சேர எடுக்கக் கூடாது; இரண்டிரண்டாகப் போக வேண்டும். முதல் இரண்டுக்கும் மடங்கைக் கண்டுபிடி. அந்த விடையையும் அடுத்த எண்ணையும் எடுத்து மறுபடி கண்டுபிடி. எத்தனை எண்கள் இருந்தாலும் இப்படியே போகலாம். பெருக்கிவிட்டு வகுக்காதே, முதலில் வகுத்துவிட்டுப் பெருக்கு. இல்லாவிட்டால் நடுவில் எண் பெருத்து இயந்திரம் நின்றுவிடும்.

இதை அவள் எங்கள் சாப்பாட்டு மேசையில் பென்சிலால் எழுதிக் காட்டினாள். பெரிய எண்ணைச் சின்ன எண்ணால் வகுத்து மீதியை எடுப்பது. பிறகு சின்ன எண்ணை அந்த மீதியால் வகுப்பது. மீதி பூஜ்யமாகும்வரை போவது. அப்போது கையில் நிற்பதுதான் பொது வகுத்தி. பதினைந்துக்கும் பதினான்குக்கும் 210. அதையும் ஆறையும் எடுத்தால், ஆறு அதற்குள் முழுதாக அடங்கிவிடுவதால், மறுபடியும் 210. மூன்றரை வருஷம் ஏழு மாதமாகச் சுருங்கியது. நிரலைத் திருத்தியதால் வந்த எண் அது. ஒரு பெரிய தவறைக் கண்டுபிடித்துச் சரிசெய்துவிட்டால், மீதி எல்லாம் சரியாகிவிட்டது என்ற நம்பிக்கை வந்துவிடுகிறது.

அந்த ஏழு மாதத்தில் அக்காவுக்குப் பதினான்கு முறை வரும். நிரல் ஒவ்வொன்றையும் வரிசையாகச் சொன்னது. முதல் நான்கு இரவு. ஐந்தாவது ஒரு நாள் இரவு, ஒரு நாள் பகல். ஆறாவதிலிருந்து பதினொன்றாவதுவரை பகல். பிறகு ஒன்று பாதிப் பாதி, இரண்டு இரவு. ஆறு பகல், ஆறு இரவு, இரண்டு பாதி. மூத்தவர் சொன்னதுபோலவே எல்லோருக்கும் ஒரு காலம். ஆறாவது முறை தை மாதத்தில் வரும்.

ஊருக்குப் போய் அவள் அதை அம்மாவிடம் சொன்னபோது மூத்தவரும் அங்கே இருந்தார். இயந்திரம் அச்சடித்த தாளை அவர் கையில் வாங்கித் தலைகீழாகவும் நேராகவும் பார்த்தார். ஏளனமாக அல்ல; மரியாதையாகத்தான்.

"ஏம்மிணி, இது உங்கம்மாளுக்குன்னு நீயா எழுதுனதா, மிஷினு சொன்னதா?"

"மிஷின் சொன்னதுங்க பெரியப்பா. நான் எண்ணை மட்டும்தான் குடுத்தேன்."

"பாத்துக்க," என்று அவர் அக்கா பக்கம் திரும்பினார். "நான் சொன்னா நம்ப மாட்டே. உம்மவ படிச்ச படிப்பு சொல்லுது. தையில வந்துரும்."

அக்கா ஊர்ப் பெரியவர்களைக் கூட்டவில்லை. தையில் வரப்போவதை ஐப்பசியில் சண்டை போட்டு வாங்குவானேன் என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். மகள் சொன்ன கணக்கு என்பதில் பெருமையும் இருந்தது. எங்கள் வீட்டுக்கு ஒரு நாள் வந்தபோது என் மனைவியிடம் அதை இரண்டு தடவை சொன்னாள்.

மார்கழியில் கடலை விதைத்தாள். தையில் பகல் தண்ணீர் என்று நம்பி, வழக்கத்தைவிட அதிகமான பாத்திகளில் விதைத்தாள். காதை அறுக்கும் குளிரில் இரண்டு இரவுகள் தனியாக நின்று முளைப்புத் தண்ணீர் கட்டினாள். இன்னும் சில முறைதான் என்று எண்ணிக்கொண்டிருந்தாள். அவள் முறைகளை எண்ணினாள், நாட்களை எண்ணவில்லை.

ஐந்தாவது முறையில் பாதி பகலாக வந்திருக்க வேண்டும். இரண்டு நாளும் இரவாகவே இருந்தது. பொங்கல் நேரம், கரண்டுக்காரர்கள் ஏதோ மாற்றியிருப்பார்கள் என்று விட்டுவிட்டார்கள். ஆறாவது முறை தையில் வந்தது. அந்த வாரம் ராத்திரி கரண்டு. அக்கா காலையில் மோட்டார் அறைக்குப் போய்க் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தாள் என்று காவல்காரர் பிறகு சொன்னார். அன்று அவருக்கு ஓய்வு இரவு இல்லை. அக்கா தனியாகக் கட்டினாள். மேற்கு ஓரத்தில் மடை உடைந்தது. கடலை பூவெடுக்கும் பருவம்; கீழ்ப் பாத்திகளுக்குத் தண்ணீர் போய்ச் சேரவில்லை. ஏழாவது முறையும் இரவு. அதற்குள் கீழ்ப் பாத்திகள் காய்ந்து மடிந்துவிட்டன.

மாசியில் அக்கா தோட்டத்தை மூத்தவருக்குக் குத்தகைக்கு விட்டாள். மூன்று வருஷம் என்று பேச்சு. மிச்சக் கடலையையும் செடியோடு அவரே எடுத்துக்கொண்டார். அதற்கு அவர் நியாயமான விலைதான் கொடுத்தார். நாமக்கல்லில் ஒரு பள்ளி விடுதியின் சமையற்கூடத்தில் அக்காவுக்கு வேலை கிடைத்தது. காய் நறுக்குவது, பாத்திரம் கழுவுவது. தங்க இடமும் உண்டு. எங்கள் வீட்டுக்கு வந்துவிடு என்று நானும் மனைவியும் சொன்னோம். "வந்து போறதுக்குத் தம்பி வீடு. குடியிருக்கறதுக்கு இல்ல சாமி" என்றாள்.

மகள் ஊருக்குப் போகவில்லை. மாலைதோறும் சென்டரில் அந்த நிரலைக் குடைந்துகொண்டிருந்தாள். மீதி எடுக்கும் வரியில் தவறா, சுற்றில் ஓர் எண் விடுபடுகிறதா, பகல் இரவு பிரிக்கும் இடத்தில் ஒன்று கூடிவிட்டதா என்று பார்த்தாள். நான்கு எண்கள், ஐந்து எண்கள் கொடுத்து, கையால் போட்ட விடையோடு ஒப்பிட்டாள். ஒவ்வொன்றும் சரியாக வந்தது. அந்த இளைஞரும் வரி வரியாகப் படித்துவிட்டு, இதில் குறையில்லை, கரண்டில்தான் குறை என்றாராம். அவள் அதை ஏற்கவில்லை. வரி எண்களை மாற்றி முழுவதையும் புதிதாக எழுதினாள். மறுபடியும் 210.

பங்குனியில் ஒரு நாள் அக்காவைப் பார்க்க இருவரும் நாமக்கல் போனோம். விடுதியின் பின்பக்கம் குழாயடியில் உட்கார்ந்து பேசினோம். கைகளில் வெண்டைக்காய்ப் பிசுக்கு உலர்ந்திருந்தது. வேலை பரவாயில்லை என்றாள். சோறு மட்டும் ஆறிப்போய்த்தான் சாப்பிட முடிகிறது என்றாள். பிறகு, பேச்சோடு பேச்சாக, "மொறை நாளு வந்தா மட்டும் காலு நிக்க மாட்டேங்குது. புதன்கெழம விடிஞ்சா எந்திரிச்சு உக்காந்துக்கறேன்" என்றாள்.

மகள் கேட்டாள்: "எந்தப் புதன்கெழமைம்மா?"

"ஒண்ணு உட்டு ஒண்ணு. ராத்திரி கரண்டு வாரத்துப் புதன்."

"எப்பவும் புதன்தானா?"

"எப்பவும் புதன்தான் கண்ணு. உங்கொப்பா இருக்கறப்ப இருந்தே புதனும் வியாழனும்தானே நம்ம மொறை."

மகள் குழாய்த் திட்டில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். பதினைந்து நாளுக்கு ஒரு தடவை வருவது எப்போதும் ஒரே கிழமையில் வராது. ஒவ்வொரு தடவையும் ஒரு கிழமை தள்ளும். ஒரே கிழமையில் வருகிறதென்றால் அது பதினான்கு.

எங்கள் பக்கத்தில் நாள் எண்ணுவது அப்படி. தொடங்கும் நாளை ஒன்று என்று வைத்து எண்ணுவார்கள். சாவுக் காரியத்துக்கு நாள் எண்ணும்போது இறந்த நாளும் சேரும். காய்ச்சல் எத்தனையாவது நாள் என்று கேட்டால் உடம்பு சுட்ட முதல் நாளும் சேரும். முறை தொடங்கும் புதனை ஒன்று என்று எண்ணினால், அடுத்த முறை தொடங்கும் புதன் பதினைந்தாம் நாள். அதனால் அது பதினைந்து நாள் முறை. ஊரில் யாருக்கும் அதில் தவறு நேர்ந்ததில்லை. எல்லோரும் ஒரே மாதிரி எண்ணினார்கள். புதன் வந்தால் போனார்கள். அந்த எண்ணை ஊருக்கு வெளியே ஒரு இயந்திரத்திடம் கொண்டுபோய்க் கொடுத்தபோதுதான் ஒரு நாள் அதிகமானது. கிணற்றுக்கு ஏழு பங்கு. மூன்று வீடுகளுக்கு இரண்டிரண்டு, அக்காவுக்கு ஒன்று. பங்குக்கு இரண்டு நாள். பெருக்கிப் பார்த்தால் பதினான்கு வந்திருக்கும். யாரும் பெருக்கவில்லை.

பதினான்கும் பதினான்கும் என்றால் மடங்கும் பதினான்கே. கிணறும் கரண்டும் ஒன்றாகவே சுற்றின. அக்காவின் புதனும் வியாழனும் என்றைக்கும் இரவு. இரண்டாமவரின் நாட்கள் என்றைக்கும் பகல். மற்ற இருவருக்கும் என்றைக்கும் கொஞ்சம் இரவு, கொஞ்சம் பகல். எத்தனை வருஷம் காத்திருந்தாலும் மாறியிருக்காது. ஐப்பசியில் அக்கா கதவோரம் நின்று சொன்னது ஒன்றுதான் அந்தக் கூட்டத்தில் உண்மையான தகவல். வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த இரண்டாமவருக்கு அது தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன். எப்போதும் பகலில் தண்ணீர் கட்டுகிறவருக்குத் தெரியாமல் இருக்காது.

பேருந்து நிலையத்தில் மகள் என்னிடம் சொன்னாள். கிணற்றை ஒவ்வொரு சுற்றிலும் ஒரு நாள் யாருக்கும் இல்லாமல் விட்டால் உண்மையாகவே பதினைந்தாகும். பிறகு அந்த 210 சரி. ஆறு பகல், ஆறு இரவு, எல்லோருக்கும். வரிசையைக்கூட மாற்ற வேண்டாம். இதைப் பெரியப்பாவிடம் சொல்லி, குத்தகையை ரத்துசெய்து, அம்மாவைத் திரும்பக் கூட்டிவர வேண்டும் என்றாள். சேலம் பேருந்தில் ஏறாமல் எருமப்பட்டிப் பேருந்தில் ஏறினோம்.

மூத்தவர் வெயிலில் இருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். முழுவதையும் கேட்டார். இடையில் நல்ல கேள்விகள் கேட்டார். ஒரு நாள் விட்டால் கிழமை எப்படித் தள்ளும், எத்தனையாவது சுற்றில் பகல் வரும் என்று விரல்விட்டுத் தானே சரிபார்த்தார். புரிந்துகொள்வதில் அவருக்குச் சிரமமே இருக்கவில்லை. அக்காவின் இரண்டு இரவுகளும் அப்போது அவர் தலையில் விழுந்திருந்தன. அவர் வீட்டுப் பையன்கள் நாமக்கல்லில் லாரிப் பட்டறை வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். இரவில் மண்வெட்டி பிடிக்க ஆள் கிடைக்காமல் அவரே நின்றுகொண்டிருந்தார்.

"ஒரு நாள் சும்மா கெடந்தா கெணறும் ஊறும்," என்றார். "நல்ல ரோசனைதான் அம்மிணி. தம்பிகளுக்கு நாஞ் சொல்லிக்கறேன். இந்தச் சுத்துல இருந்தே ஆரம்பிச்சுரலாம்."

அவள் சந்தோஷப்பட்டாள். "அப்ப அம்மாவை வரச் சொல்லட்டுங்களா பெரியப்பா?"

அவர் துண்டால் காலைத் துடைத்தார்.

"குத்தகை மூணு வருசம்னு பேசியாச்சே. கரும்பு நட்டுட்டேன் சாமி. அதைப் புடுங்கிப்போட முடியுங்களா?"

இது அவள் எதிர்பாராத பதில். ஆனால் அதில் எந்தத் தவறும் இல்லை. கரும்பு நட்டிருந்தார், வரும் வழியில் நாங்களே பார்த்தோம். அவள் என்னைப் பார்த்தாள். நான் அவரிடம் இரண்டு மூன்று விதமாகக் கேட்டேன். ஒவ்வொன்றுக்கும் அவரிடம் அமைதியான, சரியான பதில் இருந்தது. இரண்டாமவர் எதிர்ப்பாரே என்றேன். "அவன் இத்தனை வருசம் பகல்லயே கட்டிட்டான். கேக்கற எடத்துல நான் கேட்டுக்கறேன்" என்றார். அக்கா கேட்டபோது அப்பன் போட்ட வரிசையாக இருந்தது. இப்போது அது ஒரு பேச்சில் முடிகிற விஷயம். காபி கொண்டுவந்து கொடுத்தார்கள். குடித்துவிட்டு வந்தோம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகள் தனியாக நாமக்கல் போய் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். எண் தவறு, தான் கொடுத்த எண் என்பதையும் சொன்னாள். அக்கா, மூத்தவர் ஒத்துக்கொண்டாரா என்று மட்டும் கேட்டாளாம். ஒத்துக்கொண்டார் என்றதும், "அவிங்களுக்கும் ராத்திரி கஷ்டமாத்தான இருந்திருக்கும்" என்றாளாம். சாயங்காலச் சமையலுக்கு நேரமாகிவிட்டது என்று உள்ளே போய்விட்டாள்.

கிணறு அந்தச் சித்திரையிலிருந்து ஒவ்வொரு சுற்றிலும் ஒரு நாள் சும்மா கிடந்தது. இரண்டாமவர் வீட்டில் முணுமுணுத்தார்கள், பிறகு பழகிவிட்டார்கள். ஆவணிக்குள் அக்காவின் தோட்டத்துக்குப் பகலில் தண்ணீர் பாய ஆரம்பித்தது. மகள் சென்டருக்குப் போவதை நிறுத்திவிட்டாள். சான்றிதழுக்கு ஒரு மாதம் பாக்கி இருந்தது; திரும்பப் போகவில்லை. படிப்பை முடித்துப் பள்ளியில் கணித ஆசிரியையாகப் போனாள்.

மூன்று வருஷம் கழித்துக் குத்தகையை இன்னும் மூன்று வருஷத்துக்கு நீட்டினார்கள். அக்கா கையெழுத்துப் போட ஊருக்குப் போனாள், நானும் கூடப் போனேன். மூத்தவர் வீட்டில் சாப்பாடு போட்டார்கள். தோட்டத்தைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று மூத்தவர் அழைத்தார். விடுதியில் நேரத்துக்குத் திரும்ப வேண்டும் என்று அக்கா சொல்லிவிட்டாள். நடுப்பகல். பேருந்துக்காகச் சாலையில் நின்றோம். மோட்டார் ஓடும் சத்தம் அங்கேவரை கேட்டது. அக்கா முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு, பேருந்து வரும் திசையைப் பார்த்து நின்றாள்.